சத்தம் இல்லை

சனிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு அந்தக் கரை முதலில் தெரிந்தது.

கால் நொடி கூட இருக்காது. கிருபாசங்கர் கட்டளையைத் தட்டினான். மானிட்டருக்குள் டக் என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. அடுத்து சாம்பல் நிறம் வரவேண்டும். அதற்குப் பதிலாக, சிவப்பும் நீலமுமாக, பூ வைத்த ஒரு போர்வைக் கரை திரையின் குறுக்கே கிடந்தது. போய்விட்டது. சாம்பல் வந்தது. நடுவில் மவுஸ் குறி வந்து நின்றது. எல்லாம் வழக்கம்போல.

திரையில் படம் வரையும் கார்டை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பேர். அதை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஏதாவது எட்டிப்பார்ப்பது புதிதல்ல. கார்டின் நினைவகத்தில் முன்பு வரைந்த ஏதோ ஒன்று, துடைக்கப்படுவதற்கு முன்னால் ஒரு கணம் தெரிந்துவிட்டுப் போகும். ஆனால் மின்சாரம் நின்றால் அந்த நினைவகம் எல்லாவற்றையும் மறந்துவிடும். இந்தக் கம்ப்யூட்டர் நேற்று மாலையிலிருந்து அணைந்து கிடந்தது. இதில் யாரும் போர்வைக் கரை வரைந்ததில்லை.

அவன் மறுபடி தட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

காந்திபுரத்தில் இரண்டாவது மாடி. கீழே டவுன் பஸ்களின் ஹாரன், நவம்பர் மழை தகரத்தில் விழும் சத்தம், பக்கத்து லாட்ஜின் சமையலறையிலிருந்து ஜன்னல் வழியாக ஏறிவரும் தாளிப்பு மணம், அதற்கு அடியில் காலையிலிருந்தே அறையில் தங்கியிருந்த ஸ்பிரிட்டின் வாடை. ஸ்பிரிட்டுக்கும் அடியில் இன்னொன்று. பருத்தி நூல் கருகிய வாடை.

ஸ்பிரிட் போட்டவர் முதலாளி லட்சுமிநாராயணன். மில் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அண்ணன்கள் நூல் மில்லைப் பார்த்துக்கொள்ள, இவர் போர்வை நெய்கிறவர்களுக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் விற்றார். காலையில் ஒரு கார்டைத் துணியால் துடைத்தபடி வந்தார்.

"பாத்தியா கிருபா? பளபளன்னு ஆக்கிப்போட்டேன்."

"எந்தக் கார்டுங்க சார்?"

"தம்பிதுரையிது. மானிட்டரும் மேசையும்தான் போச்சு. பெட்டி கீழ தரையில இருந்துச்சில்ல, புகை மட்டுந்தான். தைவான்ல இருந்து இன்னொண்ணு வரோணும்னா ரெண்டு மாசம். டெஸ்ட் மெசின்ல போட்டுக்க."

"அதையே போடோணுங்களா சார்?"

லட்சுமிநாராயணன் சிரித்தார். "கார்டுக்கு என்னப்பா தெரியும்?"

அவன் போட்டான். நான்கு திருகு.

ஆறரைக்கு இரண்டாம் முறை தட்டினான். தட்டாமல் எழுந்து போயிருக்கலாம். இந்த முறை கரை இல்லை. ஒரு சுவர். ஆணியில் தொங்கும் தினசரிக் காலண்டர். கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம். அறையின் ஒரு மூலையில் இருந்து யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல. பிறகு சாம்பல்.

அந்தச் சுவரை அவனுக்குத் தெரியும். இரண்டு முறை தம்பிதுரை வீட்டில் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். காலண்டருக்கு நேர் எதிரே மேசை இருந்தது. மேசைமேல் மானிட்டர் இருந்தது. அங்கிருந்து பார்த்தால்தான் சுவர் அப்படித் தெரியும்.

விளக்கை அணைக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினான்.

*

தம்பிதுரை இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

சென்னிமலையில் பெட்ஷீட்டுக்கு டிசைன் போடுகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கட்டம் போட்ட கிராப் தாளில் கலர்ப் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். ஒரு கட்டம் ஒரு இழை. கம்ப்யூட்டர் வாங்கிய பிறகும் தாளை விடவில்லை. லட்சுமிநாராயணனின் பெட்டியைச் சென்னிமலையில் முதலில் வாங்கியவர் அவர். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இன்னும் பத்துப் பேர் வாங்குவதாக இருந்தார்கள்.

பெட்டிக்குள் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் ஓடியது. மலிவான தைவான் கார்டு. அந்தக் கார்டுக்கு லினக்ஸில் டிரைவர் கிடையாது. கிருபாசங்கர் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினான். எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நெட்டில் போட்டான். போலந்திலிருந்து ஒருவன் நன்றி எழுதினான். பிரேசிலில் ஒரு கல்லூரி மாணவன் எழுதினான். அந்த மெயில்களை அவன் அச்செடுத்து வைத்திருந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்தேழு.

ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு வேக எல்லை உண்டு. நொடிக்கு இத்தனை ஆயிரம் கோடுதான் அது இழுக்கும். அதற்கு மேல் கேட்டால் நல்ல மானிட்டர் படம் காட்ட மறுக்கும். மலிவான மானிட்டர் மறுக்காது. இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு சுருள் சூடாகும். சூடாகும்போது கீச்சென்று பூச்சி கத்துவதுபோல் ஒரு சத்தம் எழும். அது தருகிற எச்சரிக்கை அந்த ஒன்றுதான்.

எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள டிரைவரில் மூன்று வரி இருந்தது.

"ஏனுங்க இஞ்சினியர் தம்பி," என்றார் தம்பிதுரை போனில். "கரை பாதிதானுங்க தெரியுது. முழுக்கரையும் ஒரே பார்வையில தெரிஞ்சாத்தானுங்க கண்ணுல நெறம் ஒக்காரும்."

கிருபாசங்கர் அந்த மூன்று வரியை எடுத்துவிட்டு, முழுக்கரையும் திரையில் அடங்க வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, புதிய டிரைவரைப் பிளாப்பியில் போட்டுப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். கொஞ்சம்தான். அவனிடம் இருந்தது பெரிய, நல்ல மானிட்டர். அதில் எதுவும் ஆகவில்லை. தம்பிதுரை வீட்டில் இருந்ததுபோல் மலிவான பதினான்கு அங்குல மானிட்டர் கடையில் வேறு இல்லை. அதனால் சோதனையை அவரையே செய்யச் சொன்னான். மறுநாள் மாலை எஸ்டிடி பூத்திலிருந்து தம்பிதுரை கூப்பிட்டார்.

"படம் எப்படிங்ணா இருக்குது?"

"தேனாட்ட இருக்குதுங்க தம்பி."

"சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா?"

"ஒரு சத்தமும் இல்லீங்க."

"அப்ப ராத்திரி பூரா ஓட உட்டுப் பாருங்ணா. மணிக்கு ஒருக்கா காதக் குடுத்துக் கேளுங்க. காலைல சொல்லுங்க, போதும்."

"நீங்க சொன்னாச் செரீங்க."

காலைவரை அவன் காத்திருக்கவில்லை. அன்று மாலையே டிரைவரை நெட்டில் ஏற்றினான். கூடப் போகும் குறிப்பின் அடியில் ஒரு வரி சேர்த்தான். இந்த வேகத்தில் சோதித்தவர்: தம்பிதுரை, சென்னிமலை. சத்தம் இல்லை.

இரவு ஒன்றரைக்குத் தீப்பிடித்தது. அறை நிறைய நூலும் போர்வையும். கட்டிலில் படுத்திருந்தவர் எழவில்லை. உள்ளே படுத்திருந்த அவர் மனைவி சாந்தாமணி தப்பினாள். காலையில் ஊர் வந்து பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு கொசுவத்தித் தட்டு கிடந்தது. பற்றவைத்தது நான்தான் என்றாள் சாந்தாமணி. அதற்குமேல் யாரும் எதையும் தேடவில்லை.

பத்தாம் நாள் கிருபாசங்கர் அந்த மூன்று வரியைத் திரும்பப் போட்டான். எதை மாற்றினாலும் ஏன் என்று எழுதவேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைப் படித்துத்தான் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். அவன் இரண்டு சொல் எழுதினான். சிறு திருத்தம்.

சிறு திருத்தத்துக்காக யாரும் மாற்றமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும்.

*

ஞாயிறு மதியம் சாவி அவனிடம் இருந்தது. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனான்.

படியேறும்போதே கேட்டது. மிக மெல்லிய, மிக உயர்ந்த ஒரு கீச்சு. காதில் விழுவதுபோல் இல்லை, பல்லின் வேரில் ஊசி முனை வைத்ததுபோல் இருந்தது. இரண்டாவது மாடிக்குப் போகப் போக அது கூடவில்லை, குறையவும் இல்லை. கதவைத் திறந்தான். நேற்று எரியவிட்ட குழல்விளக்கு. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மானிட்டர் அணைந்திருந்தது. குழல்விளக்கின் சோக்காக இருக்கும் என்று அதை அணைத்தான். மழை வெளிச்சத்தில் அறை சாம்பலாயிற்று. கீச்சு இருந்தது. மின்விசிறி ஓடவில்லை. கீச்சு இருந்தது.

ஸ்குரூ டிரைவரை எடுத்தான். பிறகு, கழற்றுவதற்கு முன் ஒருமுறை, வேறு ஏதாவது காரணம் தெரியலாம் என்று மெசினைப் போட்டான். கட்டளையைத் தட்டினான்.

டக். கறுப்பு.

திரை முழுக்க ஏதோ ஒன்று. பழுப்பு நிறம். மடிப்பு மடிப்பாக, ஈரமாக, ஓரங்களில் நரைத்த முடி. நடுவில் ஒரு குழி. குழிக்குள் இருட்டு.

சாம்பல்.

அது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. பெரிதாக்கிய சிப்பி என்று நினைத்தான். மரப்பொந்து என்று நினைத்தான். ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தான். பெட்டியைத் தொட மனம் வரவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு உக்கடம் வரை நடந்தான். குளத்துக் கரையில் இருட்டும்வரை நின்றான். கீச்சு கூடவே நின்றது.

*

திங்கள் பதினோரு மணிக்குச் சாந்தாமணி வந்தாள்.

லட்சுமிநாராயணன் வெளியே போயிருந்தார். கிருபாசங்கர் எழுந்து நின்றான். அவள் கையில் வயர்க்கூடை. சேலைத் தலைப்பு மழையில் நனைந்திருந்தது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் புதிதாகவும் மினுக்கமாகவும் இருந்தது.

"வாங்கக்கா. ஒக்காருங்க."

"இருக்கட்டுங்க தம்பி. ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயிர்றேன். மத்தியான பஸ்ஸுக்கு ஊடு போய்ச் சேரோணும்."

"டீ சொல்லட்டுங்களாக்கா?"

"வேண்டாங் கண்ணு." அவள் அணைந்திருந்த மானிட்டரைப் பார்த்தாள். "இதுவும் கத்துமுங்களா?"

காலையிலிருந்து அது கத்திக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் எதுவும் கேட்டதற்கான அடையாளம் இல்லை.

"அன்னைக்கு ராத்திரி எங்கூட்டுப் பொட்டி கத்திக்கிட்டே கெடந்துச்சுங்க. சுவத்துக்கோழியாட்ட. நாந்தான் சொன்னேன், என்னுங்க இப்படிக் கத்துதுன்னு. அவிய எந்திரிச்சுப் போயி, திரையில காத ஒட்டவெச்சுக் கேட்டாங்க. அப்படியே ரெண்டு நிமிசம் நின்னாங்க. ஒண்ணுமே இல்லியே புள்ள, இஞ்சினியர் தம்பியும் அதத்தான் கேட்டாரு, இல்லீன்னு சொல்லிப்போட்டேன்னாங்க."

திரையில் ஒட்டிய காது.

கிருபாசங்கர் நாற்காலியின் முதுகைப் பிடித்தான். பழுப்பு. மடிப்பு. நரைத்த முடி. குழி.

"எனக்கா, தலவலி தாங்குல. உள்ளூட்டுல போயிப் படுத்துட்டனுங்க. போறப்ப, மனுசனைக் கொசுப் புடுங்குமேன்னு வத்தியப் பத்தவெச்சுக் கட்டலுக்கு அடியில தள்ளிப்போட்டுப் போனேன்." அவள் குரல் உயரவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "என்ற கொழுந்தனாரு, நாத்தனா, எல்லாரும் சொல்லியாச்சுங்க. உன்ற கையாலதான்னு. இருக்கட்டுங்க. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல நின்னுக்கிட்டே இருக்குது. அது எதுக்குங்க தம்பி கத்துச்சு? அந்தச் சத்தத்துக்கும் தீயிக்கும் ஏதாச்சும் சம்மந்தம் இருக்குதுங்களா? நீங்க படிச்சவிய. நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன்."

அவன் இதுவரை நினைக்காமல் தள்ளி வைத்திருந்த ஒன்று இருந்தது. இப்போது அது வந்து நின்றது.

அந்த வீட்டுக்கு இரண்டாம் முறை போனபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. என்னங்ணா இந்தக் கத்துக் கத்துது என்றான் அவன். தம்பிதுரை கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். பிறகு சிரித்தார்.

"எனக்கு அதெல்லாம் கேக்காதுங்க தம்பி. பதினெட்டு வருசம் தறிக்குடோன்ல நின்ன காதுங்க இது. இடி இடிச்சாக் கேக்கும். குருவி கத்துனாக் கேக்காது. எங்கூட்டுக்காரி ரகசியம் பேசுனாலும் கேக்காது. அதுவும் நல்லதுக்குத்தானுங்க."

இருவரும் சிரித்தார்கள். அது நடந்து பன்னிரண்டு நாள் கழித்து அவன் போனில் கேட்டான், சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா என்று. அந்தப் பதில்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்தப் பதிலைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாத ஆளிடம் கேட்டான்.

சாந்தாமணி காத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு சொல் சொன்னால் போதும். இருக்கு என்று சொன்னால் போதும். தீ வைத்த அந்தக் கை அவளுடையதாக இல்லாமல் போய்விடும்.

"இல்லீங்கக்கா," என்றான் அவன். "பழைய மானிட்டரெல்லாம் அப்படித்தான் கத்தும். அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லை."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு முறை.

"அப்பச் செரீங்க. வத்திதான்."

கூடையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். கிராப் தாள். ஒரு ஓரம் பழுப்பேறிக் கருகியிருந்தது.

"தீப்புடிச்ச அன்னைக்குக் காலைல வாசல்ல கெடந்துச்சுங்க. ஜன்னல் வழியாப் பறந்து வந்திருக்குமாட்ட. உங்களுக்காக எழுதுனது. நீங்க கேட்டதுங்களாமே, மணிக்கு ஒருக்கான்னு. உங்ககிட்டக் குடுக்காம வெச்சுக்கிட்டா மனசு கேக்குல. பென்சிலத் தேடிப் பாத்தேன், அகப்படலீங்க."

அவள் போன பிறகு அவன் தாளைப் பிரித்தான். மேல் வரிசையில் பத்துக் கட்டம். ஒவ்வொன்றின் தலையிலும் மணி எழுதியிருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. அந்த ஐந்து கட்டமும் சிவப்புப் பென்சிலால், ஓரம் சிதறாமல், அழுத்தி நிரப்பப்பட்டிருந்தன. இரண்டிலிருந்து காலை ஆறு வரை ஐந்து கட்டம் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில்: நிரப்பினால் சத்தம் இல்லை என்று அர்த்தம்.

*

ஐந்து மணிக்கு லட்சுமிநாராயணன் வந்தார். குடையை உதறினார்.

"என்னப்பா, காதப் பொத்தீட்டு ஒக்காந்திருக்கே?"

"மானிட்டர் கத்துதுங்க சார்."

அவர் மானிட்டரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "அது ஆஃப்ல இருக்குது கிருபா."

"உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"மழதான் கேக்குது. உங்கொப்பன்கிட்டச் சொல்லி ஒரு பொண்ணப் பாரு. தனியாக் கெடந்தா இப்படித்தான் எல்லாங் கத்தும்." சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்தார். "சென்னிமலை ஆளுக மறுபடி கேக்கறாங்கப்பா. பத்துப் பெட்டி. அந்த அம்மாவே ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டுதாமா, பெட்டி மேல குத்தமில்லைன்னு."

படியில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்தது. வாசல் ஷட்டர் பாதி இறங்கியது. பஸ் ஹாரன்கள். மழை. அவற்றின் மேல், ஒரு இழைபோல, அறுபடாமல், கீச்சு.

பேரை எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. குறிப்பின் அடியில் அந்தப் பேர் இருப்பதால்தான் இதெல்லாம். பேர் இல்லாவிட்டால் யாரும் யாரையும் கேட்டதாக இராது. சோதித்தவர் என்று ஒருவர் இருந்ததாகவே இராது. இந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு உடம்பு இலேசானது.

மெசினைப் போட்டான். கோப்பைத் திறந்தான். சோதித்தவர்: தம்பிதுரை, சென்னிமலை. சத்தம் இல்லை. வரியின் முடிவில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் அழித்துக்கொண்டு வந்தான். இல்லை போயிற்று. சத்தம் போயிற்று. ஊர் போயிற்று. பேரில் கடைசியாக ஒரு எழுத்து மிஞ்சியது. அதையும் அழித்தான். கோப்பைச் சேமித்தான்.

எதை மாற்றினாலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும். அது அவன் வழக்கம். ஒரே ஒரு தடவைதான் அதை மீறியிருக்கிறான்.

கட்டளையைத் தட்டினான்.

டக். கறுப்பு.

அறை வந்தது. காலண்டர், சுவர், கட்டில். அவன் சாம்பலுக்காகக் காத்திருந்தான். சாம்பல் வரவில்லை. அறை நின்றது. கட்டிலில் ஒருவர் பக்கவாட்டில் படுத்திருந்தார். முகம் இந்தப் பக்கம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தூங்கும் முகம். விரல்களுக்கு இடையே ஒரு பென்சில். கட்டிலுக்கு அடியில் தட்டு தெரிந்தது. தட்டில் கொசுவத்தி. முதல் சுற்று வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்து கிடந்தது. மிச்சம் பச்சையாக, முழுசாக, சுருண்டு இருந்தது. அதில் சிவப்புப் புள்ளி இல்லை.

எப்போதோ அணைந்திருந்தது.

புகை வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தது. படத்தின் மேல் விளிம்பிலிருந்து, பார்க்கிற கண்ணின் நெற்றியிலிருந்து, மெதுவாக வழிந்தது. முதலில் ஒரு நூல். பிறகு இரண்டு. பிறகு ஒரு சொட்டு நெருப்பு கீழே நூல்கட்டின்மேல் விழுந்தது.

"எந்திரிங்ணா," என்றான் கிருபாசங்கர். அவனுக்கே கேட்கவில்லை. கீச்சு அறையை நிரப்பியிருந்தது.

தூங்கும் முகம் அசையவில்லை.

அவன் மேசைக்கு அடியில் குனிந்தான். வயரைப் பற்றினான். இழுத்தான். பிளக் கையோடு வந்தது. மானிட்டர் பிளக்கையும் பிடுங்கினான்.

நிமிர்ந்தான். திரை அணையவில்லை.

படம் நின்றது.

இரண்டு வயரும் அவன் கையில் இருந்தன. பெட்டிக்குள் மின்விசிறி ஓய்ந்திருந்தது. பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. படம் நின்றது. கட்டில் இப்போது காலியாக இருந்தது. புகை மெல்ல விலகியது. காலண்டர் இல்லை. அந்தச் சுவர் இல்லை. வேறு சுவர். பச்சை அலமாரி. கொக்கியில் ஈரக் குடை. பாதி திறந்த ஜன்னல், அதற்கு வெளியே காந்திபுரத்தின் விளக்குகள். முன்னால் ஒரு நாற்காலி. அதில் அவன். கையில் வயரோடு. வாயைத் திறந்தபடி.

அவனுக்குப் பின்னால் ஒரு ஆள்.

பருத்தி கருகிய வாடை.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மேசைமேல் பிரித்து வைத்த தாளை மட்டும் பார்த்தான். தாளில் பென்சில் உரசும் சத்தம். சர். சர். சர். இரண்டு மணிக் கட்டம் சிவப்பானது. ஓரம் சிதறவில்லை. மூன்று. நிதானமாக. நான்கு. ஐந்து.

பென்சில் நின்றது.

ஒரு கட்டம் வெள்ளை.

திரையில் அந்த ஆள் குனிந்தார். முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் வெறும் கருகல். ஒரு காது மட்டும் முழுசாக. அதற்குப் பின்னால் குவித்த கை. காது அவன் வாயருகே வந்தது. காத்திருந்தது.

கீச்சு. பல்லில். எலும்பில். கண்ணுக்குப் பின்னால்.

சூடான மூச்சு அவன் கழுத்தில் பட்டது. மரியாதையான குரல்.

"சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா, தம்பி?"